இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது

ஊராக இருந்தால் நாள் தள்ளிப்போன அன்றே டாக்டரம்மாவைப் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு வந்திருப்பேன். லண்டனில் மிட்வைஃபை, அதாவது பேறுகாலச் செவிலியைப் பார்ப்பதே 8, 10 வாரத்தில்தான். முதல் ஸ்கேன் 12-ஆம் வாரத்தை ஒட்டி. அதுவரை யார் பார்ப்பார்கள் என்று மனசு ஆறவே இல்லை.

5-ஆம் வாரத்தில் லேசாக ரத்தம் பட்டது. இங்கே மருத்துவ ஆலோசனைக்கான 111 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். ஆரம்பக்கால கர்ப்பப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் ஹெச்சிஜி, அதாவது கர்ப்ப ஹார்மோன், 180. ஸ்கேனில் கருப்பை காலியாகத் தெரிந்தது. "கரு எங்கே இருக்கிறதென்று இன்னும் தெரியவில்லை" என்று நர்ஸ் ஆங்கிலத்தில் சொன்னதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன். அது இங்கே இலவசம், தயங்காமல் கேளுங்கள். போனில் ஓர் ஈழத்து அக்காவின் குரல்: "எண் குறைவா இருக்கேக்க ஸ்கேனில தெரியாதாம். 1,500 அளவுக்கு மேல போனாத்தான் வழமையாத் தெரியுமாம்." அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

அன்றிரவு என் கணவர் இணையத்தில் ஓர் அட்டவணை பார்த்தார். 5-ஆம் வாரத்துக்கு 18 முதல் 7,000-க்கு மேல் வரை போட்டிருந்தது! இதில் 180 நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? 48 மணி நேரம் கழித்து எடுக்கும் அடுத்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். 63 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கரு கருப்பைக்குள் வளர வாய்ப்பு அதிகம். பாதிக்கு மேல் இறங்கினால் நிலைப்பது கடினம். இரண்டுக்கும் நடுவில் நின்றால் கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

"புரோஜெஸ்டிரோன் எழுதித் தரச் சொல்லும்மா" என்று, கரு தங்க உதவும் அந்த ஹார்மோன் மருந்துக்காக அம்மா போனில் விடவே இல்லை. கேட்டேன். ரத்தப்போக்கு இருந்து, முன்பும் கரு கலைந்தவர்களுக்கு, கரு கருப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியான பிறகுதான் தருவார்களாம். காரணத்தோடு சொன்னதால் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

தோள்பட்டை நுனியில் வலி, ஒரு பக்க அடிவயிற்று வலி, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். பையை வாசலிலேயே வைத்துக்கொண்டுதான் தூங்கினோம்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் 310. அப்புறம் எடுத்த ஸ்கேனில் கருப்பைக்குள்ளேயே கரு வளரும் பை தெரிந்தது. துடிப்பு இன்னும் தெரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டாள்.