நூறு வோல்ட்டில் ஒரு தேங்காய்ச் சட்னி

ஊரில் எங்கள் வீட்டு மிக்ஸியைப் போட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். போன் பேசிக்கொண்டிருப்பவர் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவார். அதே மிக்ஸி டோக்கியோவில், நிஷி-கசாய் வீட்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு முனகலோடு நிறுத்திக்கொண்டது. தேங்காய்ச் சில்லுகள் ஜாருக்குள் நிதானமாகப் பிரதட்சிணம் வந்தன. ஒன்றுகூட அரைபடவில்லை. மனைவி வீடியோ காலில் தன் அம்மாவிடம் ஜாரைக் காட்டினாள். கோவையிலிருந்து அத்தை கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, அங்க கரண்டு அவ்வளவுதானுங்களா?"

அவ்வளவுதான். ஜப்பானில் வீட்டுக்கு வருவது 100 வோல்ட். நமக்கு 230.

கிளம்பும்போது எல்லோரும் பயமுறுத்தியது பிளக்கைப் பற்றித்தான். அது பெரிய விஷயமே இல்லை. சுவரில் இரண்டு கீற்றுகள், அதற்கேற்ற ஓர் அடாப்டர், வேலை முடிந்தது. நாம் கட்டிக்கொண்டு அழும் உருண்டையான மூன்று பின் பிளக் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அவன் நமக்கு விடுதலை கொடுத்த அதே 1947-இல் தன் நாட்டுக்குச் சதுர பின்னைத் தரமாக்கிக்கொண்டான். ஆனால் அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. போன், லேப்டாப் சார்ஜர்களில் 100-240 என்று போட்டிருப்பதால் அவை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். மிக்ஸிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எர்த் இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. எர்த் பின்னை உடைத்துவிட்டு மாட்டியதற்கு அப்பாவிடம் அடி வாங்கிய தலைமுறை நாங்கள். இங்கே பெரும்பாலான பிளக் பாயின்ட்டில் மூன்றாவது துளையே இல்லை. வாஷிங் மெஷின் மாதிரி இடங்களில் மட்டும் பக்கத்திலேயே ஒரு திருகு, அதில் பச்சை ஒயரைத் தனியாக மாட்ட வேண்டும். சுவிட்சும் இல்லை. சொருகினால் கரண்ட், பிடுங்கினால் இல்லை. அம்மா இன்னமும் "வெளிய போறப்ப சுவிட்ச ஆஃப் பண்ணுனியாடா?" என்று கேட்கிறாள். பண்ணினேன் என்று சொல்லிவிடுவேன். ராத்திரி முழுக்க போனை மாட்டிவைத்து, சுவிட்ச் போடாததால் காலையில் மூன்று சதவீத சார்ஜோடு ஆபீஸ் போகும் பாக்கியம் இங்கே யாருக்கும் வாய்க்காது.

மிக்ஸிக்காக, டோக்கியோவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அகிஹபாராவில் வோல்ட்டை ஏற்றித்தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினோம். கையில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியதில் இரண்டு நாள் தோள் வலித்தது. அதன் பிறகு மிக்ஸி பழையபடி கத்தியது. வீட்டில் நிம்மதி திரும்பியது. கூடவே கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டரும் அதில் ஓடியது. சரி, இனி இதுதான் நம் ஊர் என்று முடிவு கட்டியிருந்தோம். அப்புறம்தான் எனக்கு ஒசாகாவுக்கு மாற்றல் வந்தது.

அதே கிரைண்டர், அதே டிரான்ஸ்ஃபார்மர். போட்டவுடன் மனைவி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்: "ஏங்க, இது ஏன் இப்படி ஓடுது?" காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் ஒரு கட்டை ஏறியிருந்தது. கல் அவசரமாகச் சுற்றியது.

காரணம் 1890-களில் இருக்கிறது. டோக்கியோ அப்போது ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது, 50 ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை அலையடிக்கும். ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது, 60 ஹெர்ட்ஸ். அந்தப் பிரிவினை இன்றும் தீரவில்லை. ஷிசுவோகாவில் ஓடும் ஃபுஜி ஆற்றை ஒட்டிக் கிழக்கே 50, மேற்கே 60. ஒரே நாட்டுக்குள் இரண்டு கரண்ட்! டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. மிக்ஸியின் கார்பன் பிரஷ் மோட்டார் இதைச் சட்டை செய்யாது. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், ஹெர்ட்ஸ் சொல்கிற வேகத்தில்தான் ஓடும். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கோவை கிரைண்டர் ஒசாகாவில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றுகிறது.

சிரிப்பாக இருந்தாலும் 2011 பூகம்பத்தின்போது இது வினையானது. கிழக்கே மின் நிலையங்கள் நின்று, டோக்கியோவைச் சுற்றி முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்தினார்கள். மேற்கிலிருந்து ஹெர்ட்ஸ் மாற்றி அனுப்ப முடிந்தது அப்போது சுமார் 10 லட்சம் கிலோவாட்தான்.

முறைவைத்து மின்வெட்டு என்றதும் எனக்கு 2012 கோயம்புத்தூர் வந்துவிடுகிறது. பாதி நாள் கரண்ட் இருக்காது. உளுந்து பாதி அரைபட்டிருக்கும்போது பொசுக்கென்று போகும். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் மாவை வழித்துக்கொண்டு கொல்லைப்புற ஆட்டுக்கல்லுக்கு நடப்பார். வெயிலில் வெந்துபோன அந்தக் கல்லில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார், புஸ்ஸென்று ஆவி வரும். இங்கே ஒரு நொடிகூடக் கரண்ட் போனதில்லை. மாவு பாதியில் நின்றதும் இல்லை.

ஒசாகா எங்களுக்குப் பழகிவிட்டது. மாவு சீக்கிரம் அரைபடுகிறது, ஆனால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மனைவி ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறாள். போன வாரம் அத்தை கேமராவில் இட்லியை நெருக்கமாகக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாவு சூடாயிருச்சுங்க. பேசாம டோக்கியோவுக்கே மாத்தல் கேட்டுப் பாருங்க மாப்பிள்ளை."

மேனேஜரிடம் என்ன காரணம் சொல்வதென்றுதான் தெரியவில்லை.