மெயில் ஸ்பேமில் விழுந்தால் முதலில் டிஎன்எஸ்ஸைத் திறங்கள்

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் யாராவது "அனுப்புறது எல்லாம் ஸ்பேமுக்குப் போகுது" என்று புலம்பினால், டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் விவரங்களை வெளியே சொல்லும் பட்டியலில், எத்தனை எஸ்பிஎஃப் வரி (அந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் வரி) இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். பல சமயம் இரண்டு இருக்கும். மெயில் கொடுக்கும் கம்பெனி ஒன்று கொடுத்திருக்கும், அப்புறம் நியூஸ்லெட்டர் அனுப்ப வேறொரு சேவையில் சேர்ந்தபோது அவர்களும் ஒன்று கொடுத்து, இதை டிஎக்ஸ்டி ரெக்கார்டாக (டிஎன்எஸ்ஸில் வெறும் எழுத்தாக வைக்கும் பதிவு) சேருங்கள் என்றிருப்பார்கள், இவரும் கீழே இன்னொரு வரியாகச் சேர்த்திருப்பார். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப்தான். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் எதையும் ஏற்காது, 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்று முடித்துவிடும். இரண்டு சேவைகளின் இன்க்ளூடையும் (அந்த சேவையின் சர்வர்களையும் சேர்த்துக்கொள் என்று சொல்லும் பகுதி) ஒரே வரிக்குள் போடுங்கள். அதிலும் அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் மொத்தம் 10-ஐத் தாண்டக்கூடாது, ஒரு இன்க்ளூடுக்குள் ஒளிந்திருக்கும் மற்ற இன்க்ளூடுகளும் கணக்கில் வரும். பயன்படுத்தாத பழைய சேவை இருந்தால் தூக்கிவிடுங்கள்.

சரி, எஸ்பிஎஃப் பாஸ் ஆகிவிட்டது, போதுமா என்றால் போதாது. அது சரிபார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம் முகவரியை அல்ல, பின்னால் இருக்கும் ரிட்டர்ன் பாத்தை, அதாவது போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரியை. நியூஸ்லெட்டர் சேவை அங்கே தன் சொந்த டொமைனைப் போட்டு ஜோராகப் பாஸ் ஆகிவிடும், உங்கள் டொமைனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்லும் இன்னொரு டிஎன்எஸ் வரி) கேட்பதே இதைத்தான்: பாஸான டொமைனும் ஃப்ரமில் உள்ள டொமைனும் பொருந்துகிறதா?

அதனால் எனக்கு டிகிம்தான் முக்கியம். மெயிலில் உங்கள் டொமைன் பெயரிலேயே ஒரு டிஜிட்டல் கையெழுத்து, அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில். மெயிலை யாராவது ஃபார்வர்டு செய்தால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைந்துவிடும், உள்ளே எதையும் மாற்றாதவரை டிகிம் உடையாது. இந்தச் சாவியை டிஎன்எஸ்ஸில் சேர்க்கும்போது ஒன்று கவனியுங்கள். பல கண்ட்ரோல் பேனல்கள் ரெக்கார்டின் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாங்களாகவே ஒட்டிவிடும். நீங்கள் முழுப் பெயரையும் பேஸ்ட் செய்தால் டொமைன் இரண்டு தடவை வந்து நிற்கும், சேவையோ "ரெக்கார்டே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 2048 பிட் சாவி என்றால் ஒரு துண்டுக்கான வரம்பான 255 எழுத்துக்கு மேல் போகும், சில பேனல்களில் அதை நாமே துண்டாக்கிப் போட வேண்டும்.

டிமார்க்கை எடுத்தவுடன் 'ரிஜெக்ட்'டில் (தேறாத மெயிலை ஏற்கவே வேண்டாம்) வைக்காதீர்கள். 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) என்று தொடங்கி, ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுங்கள். வருவது எக்ஸ்எம்எல், படிக்கவே எரிச்சலாக இருக்கும். ஆனால் பில்லிங் சாஃப்ட்வேர், வெப்சைட்டின் தொடர்பு ஃபார்ம் என்று உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் ஆட்கள் எல்லாம் அதில்தான் அகப்படுவார்கள். அவர்களைச் சரிசெய்த பிறகு 'குவாரண்டைன்' (ஸ்பேமில் போடு), அப்புறம் 'ரிஜெக்ட்'.

ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றும் கட்டாயம். சின்னக் கடைக்காரருக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்று போதும் என்கிறார்கள், இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், செலவு ஒன்றுமில்லை. மெயிலே அனுப்பாமல் சும்மா கிடக்கும் டொமைன் இருந்தால் அதற்கு மட்டும் காத்திருக்காமல் நேரே ரிஜெக்ட் வைக்கலாம்.