வயாதோலித்: மாட்டுக் கொம்பில் நகம், தக்கையில் ரத்தம்

நுழைவுச்சீட்டு 3 யூரோதான். அந்தக் காசுக்கு நெஞ்சை இப்படிப் பிசைகிற இடம் ஸ்பெயினில் வேறு கிடையாது. ஆனாலும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் மாட்ரிட், தொலேதோ, பார்சலோனா என்றே ஓட்டிவிடுகிறார்கள். வயாதோலித்தின் தேசியச் சிற்ப அருங்காட்சியகத்தைப் பற்றி மூச்சே இல்லை. 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானியரின் பக்தியை உணர ஓவியம் மட்டும் போதாது, வர்ணம் பூசிய மரச் சுரூபங்களின் முன்னால் நிற்க வேண்டும்.

மாட்ரிட் சமார்த்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். கடைசி நாளில் டிக்கெட் எடுத்தால் பர்ஸ் காலி. கையைக் கடித்தால் அவிலா வழியாகப் போகும் மெது ரயிலைப் பிடியுங்கள்: நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஆனால் 16-ஆம் நூற்றாண்டுப் புனிதை அவிலா தெரசம்மாள் பிறந்த ஊரில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். வயாதோலித்தில் டாக்சி வேண்டவே வேண்டாம். காம்போ கிராந்தே பூங்கா வழியாக நடந்தால் அரை மணியில் அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை. மதியம் 2 மணிக்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இது தெரியாமல் பகல் ரயிலில் வந்தால் பாதி நாள் வீண். சனி மாலையும் ஞாயிறு காலையும் இலவசம்.

உள்ளே போனதும் சிற்பி கிரகோரியோ ஃபெர்னாந்தெஸ் 1627 வாக்கில் செய்த, கிடத்தப்பட்ட கிறிஸ்துவைத் தேடுங்கள். நின்றபடி பார்த்தால் பாதிதான் தெரியும். பக்கவாட்டில் குனிந்து, சுரூபத்தின் முகமட்டத்துக்கு வாருங்கள். பாதி மூடிய இமைக்குள் கண்ணாடிக் கண், திறந்த வாய்க்குள் தந்தப் பல், மாட்டுக் கொம்பில் நகம். காயத்தில் உறைந்த ரத்தத்துக்குத் தக்கைப் பட்டை.

இதைச் செதுக்கியவரே வர்ணம் பூசவில்லை. சிற்பிக்கும் ஓவியருக்கும் தனித்தனிக் கைவினைச் சங்கம், ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக் கூடாது. பைன் மரம் காய்ந்து சுருங்கும்போது வெடிக்கும், அதனால் பின்பக்கத்தைக் குடைந்துவிடுவார்கள். கணுவில் பிசின் கசிந்தால் வர்ணம் உரியும், அங்கே பூண்டு அரைத்துத் தேய்ப்பார்கள். இணைப்புகளின் மேல் துணி ஒட்டி, பசை கலந்த ஜிப்சத்தை முதலில் கரடாகவும் பிறகு மாவாகவும் பல பூச்சு பூசுவார்கள். உடைகளுக்குச் செம்மண் பூசி, தங்க ரேக்கு ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மினுக்கி, மேலே முட்டைக்கரு வர்ணம் அடித்து ஊசியால் கீறினால் தங்கம் வெளியே வரும். இதே அருங்காட்சியகத்தில், சிற்பி பெருகெத்தே சான் பெனித்தோ மடத்துக்குச் செய்த பீடத்தில் இந்தத் தங்கத்தைத்தான் பார்க்கிறோம். மேனிக்கு எண்ணெய் வர்ணம். அது பளபளக்கலாமா என்பதில் பெரிய சர்ச்சை. ஓவியர் வெலாஸ்கெஸின் மாமனார் பச்சேக்கோ, மினுக்கிய மேனி கண்ணாடிப்பூச்சுத் தட்டு போல இருக்கிறது என்று கண்டித்து மங்கலான பூச்சுக்கு வாதாடினார். அவர் சொன்னதே சரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மினுக்கிய முகம் கூசும், வேதனை தெரியாது.

அடுத்து, எழுத்து. 1559-இல் இதே வயாதோலித்தில்தான் மதவிரோதக் கருத்துகளைத் தண்டித்த திருச்சபை விசாரணை மன்றத்தின் தலைவர் வால்தெஸின் தடைநூல் பட்டியல் அச்சானது. மக்கள் மொழியில் இருந்த பக்தி நூல்கள் பல பறிபோயின. துறவி லூயிஸ் தெ கிரனாதாவின் செபநூலும் தப்பவில்லை. அந்த இழப்பை அவிலா தெரசம்மாள் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வருந்தியபோது, ‘உயிருள்ள நூலை உனக்குத் தருவேன்’ என்று ஆண்டவர் சொன்னாராம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தெரசம்மாளின் மனத்தைப் புரட்டிப்போட்டதும் காயங்கள் நிறைந்த ஒரு கிறிஸ்து சுரூபம்தான். அதன் முன் கண்ணீரோடு விழுந்ததையும் அதே நூலில் சொல்கிறார். சுரூபத்தை மனக்கண்ணால் வாசிக்கப் பழகிய தலைமுறை அது. ஃபெர்னாந்தெஸின் தெரசம்மாளும் (1625) இங்கேயே இருக்கிறார், கையில் திறந்த புத்தகத்தோடு. 1622-இல் அவருடன் புனிதர் பட்டம் பெற்ற நால்வரில் ஒருவர், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார்.

சாப்பாடு: விறகடுப்பில் மண்சட்டியில் சுட்ட பால்குடி ஆட்டுக்குட்டி, லெச்சாசோ. அபாரம், ஆனால் பெரும்பாலும் இருவருக்கான அளவில்தான் தருவார்கள். தனியாகப் போனால் பட்ஜெட் தாங்காது. வார நாள் மதியம் ‘மெனு தெல் தியா’ கேளுங்கள்: இரண்டு பதார்த்தம், ரொட்டி, பானம், இனிப்பு எல்லாம் ஒரே விலையில்.

புனித வாரத்தில் போவதானால் அறை வாடகை எகிறும், முன்பே பதிவு செய்யுங்கள். பெரிய வெள்ளி மாலைப் பவனியில் 30-க்கும் மேற்பட்ட சுரூப மேடைகள் தெருவில் வரும். அருங்காட்சியகச் சிற்பங்கள் சிலவும் அதில் போவதால் அந்த நாட்களில் உள்ளே சில இடங்கள் காலியாக இருக்கும். ஃபெர்னாந்தெஸின் ‘தாகமாயிருக்கிறேன்’ தொகுதி அப்படித்தான் வெளியே போகும். ஹுவான் தெ ஹூனி செதுக்கிய வியாகுல மாதாவைப் பார்க்க ஆங்குஸ்தியாஸ் கோவிலுக்குப் போங்கள். தலை சாய்த்து, வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். திருப்பலி நேரத்தை ஒட்டிப் போனால் கதவு திறந்திருக்கும், அங்கே சீட்டும் கிடையாது.