10 வெடை (பெட்டைக்கோழி), 1 சாவல் (சேவல்): தீனியைத் தராசில் நிறுத்துப் போட்ட 6 வாரம்

தொடக்க நிலை: கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காடு) மேயும் நாட்டுக்கோழிகள். காலையும் சாயங்காலமும் மக்காச்சோளம், கைக்கு வந்த அளவு. நிறுத்துப் பார்த்தால் தலைக்கு 80 கிராம். நாமக்கல் பண்ணைக் கூண்டில் நிற்கும் முட்டைக்கோழிக்கே நாளுக்கு 100–110 கிராம்தான். அதற்கு மேய்ச்சலும் இல்லை, முட்டையும் ஏறக்குறைய நித்தம். இங்கே நெஞ்செலும்பைத் தடவினால் விளிம்பே தட்டுப்படவில்லை, அடிவயிறு தொளதொளவென்று கிடந்தது. கொழுப்பு ஏறிய வெடை முட்டையைக் குறைக்கும், வெயிலும் தாங்காது.

வாரம் 1–4: 80, 70, 60, 50 என்று இறக்கியாச்சு. ஒரே நாளில் பாதியாக்கினால் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடும்.

கூடவே வெறும் மக்காச்சோளத்தையும் மாற்ற வேண்டும். அதில் புரதம் 9 சதம்தான். கலவை, கிலோவுக்கு: மக்காச்சோளக் குருணை 580 கிராம், அரிசித் தவிடு 220, கடலைப் புண்ணாக்கு 140, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 50, தாது உப்புக் கலவை 10. புரதம் சுமார் 16 சதம் வரும். உப்புக் கருவாடு போட்டால் தண்ணியாகக் கழியும். கிளிஞ்சலைக் கலக்காமல் கொட்டாங்குச்சியில் தனியாக வைத்தால் வேண்டிய வெடை கொத்திக்கொள்ளும். சாவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது, குஞ்சுக்குச் சிறுநீரகமே கெடும்.

போசியால் (கிண்ணம் போன்ற ஏனம்) அளக்கும் கணக்கு ஏமாற்றும். குருணை 300 கிராம் பிடிக்கிற போசியில் தவிடு அதில் பாதிதான் நிற்கும். கலவையை ஒருமுறை நிறுத்துக் கொட்டி, போசியின் உள்பக்கம் ஆணியால் கோடு கிழித்துவிட்டால் தினம் தராசு தேவையில்லை. 11 உருப்படிக்கு 550 கிராம்: காலையில் 180, அடையும் முன் 370. காலையிலேயே வயிறு நிறைந்தால் மேயப் போகாது, களத்து நிழலில் படுத்துக்கொள்ளும்.

வாரம் 2-இல் கோளாறு: சாவலும் பெரிய வெடையும் தொட்டியை மறித்து நின்றதில் இரண்டு வெடை இளைத்துவிட்டன. அளவு சரி, தொட்டிதான் போதவில்லை. 4 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து 3 அடியில் இரண்டு துண்டு, எட்ட எட்ட வைத்ததும் தீர்ந்தது. கோழிக்கு 10 செ.மீ. இடம் வேண்டும். குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் அலகால் வாரி இறைக்கும்.

கடலைப் புண்ணாக்கு ஐப்பசி ஈரத்தில் பூசணம் பிடித்தால் குப்பைக்குத்தான். வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு போகாது, ஈரலைக் கெடுக்கும்.

போதுமா என்று கோழியிடமே பார்க்கலாம். கொடாப்பில் (கோழி அடைக்கும் கூடை) அடைக்கும்போது கழுத்தடியில், அதன் வலப்பக்கம், தீனிப்பையைத் தொட வேண்டும்: எலுமிச்சை அளவில், அமுக்கினால் அமுங்கணும். விடியக்காலம் காலியாக இருக்கணும். அப்போதும் கட்டியாக நின்றால் கொழுக்கட்டைப்புல் நாரோ சாக்குச் சணலோ அடைத்திருக்கிறது. அந்தக் கோழிக்கு அன்று தவசம் (தானியம்) கூடாது.

வாரம் 6: நெஞ்செலும்பு விளிம்பு விரலில் படுகிறது, இருபுறமும் சதை இருக்கிறது. 50 கிராமிலேயே ஓடுகிறது. பங்குனியில் காடு காய்ந்ததும் 65 வரை ஏற்ற வேண்டிவரும்.