கேள்விப் பெட்டியும் கோயில் பொங்கலும்

ஏப்ரல் லீவு வந்தால் கொழும்பில் இருக்கிற மலையகத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரே திசைதான். இந்த முறை எங்கள் வீட்டில் கணக்கு கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. புத்தாண்டுக்கு ஹட்டன் பக்கம் மாமா வீடு, அது முடிந்த கையோடு பண்டாரவளையில் மூத்தவளுக்கு சர்ச் வாலிபர் மாநாடு, இடையில் சின்னவனுக்கு நுவரெலியாவில் படகு ஓட வேண்டுமாம், இவருக்கு ஹப்புத்தளையில் அடிஷாம் பங்களாவைப் பார்த்தே ஆகவேண்டும். எல்லாவற்றையும் ஒரே பயணமாகக் கோத்துவிட்டோம்.

கோச்சியில், அதாவது ரயிலில், ரிசர்வேஷன் கிடைக்கவில்லை, ஏப்ரலில் கிடைத்திருந்தால்தான் ஆச்சரியம். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பில் ஏறி நாவலப்பிட்டி வரை பைகளின் மேல்தான் உட்கார்ந்து போனோம். பெட்டியில் பாதிப் பேர் வெள்ளை உடுப்போடு சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள், வெசாக் பண்டிகை வரைக்கும் யாத்திரைக் காலம்தானே. பக்கத்தில் இருந்த சிங்கள ஆச்சி ஒருவர் சின்னவனுக்கு கொக்கிஸ் பலகாரம் கொடுத்துக்கொண்டே வந்தார். மலை உச்சியில் இருப்பது புத்தருடைய பாதம் என்று பௌத்தர்களும், சிவனுடையது என்று இந்துக்களும், ஆதாமுடையது என்று முஸ்லிம்களும் நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களில் பலரும் சொல்வார்கள் என்று இவர் அவனுக்கு விளக்கம் சொல்ல, "அப்ப உண்மையா யாரு காலு?" என்று கேட்டுவிட்டான். இவர் உடனே ஜன்னலுக்கு வெளியே ஏதோ நீர்வீழ்ச்சியைக் காட்டினார்.

மாமா வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. காப்பிக் காலத்திலேயே, 1854இல், தோட்டத் தொழிலாளருக்காகத் தமிழ்க் கூலி மிஷன் என்று ஒரு கிறிஸ்தவ ஊழியத்தைத் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களைக் கூட்டிவந்து தோட்டம் தோட்டமாக அனுப்பினார்கள். அந்த வரிசையில் பிறகு வந்த ஒரு உபதேசியாரிடம் எங்கள் தாத்தா ஞானஸ்நானம் எடுத்தார், அவருடைய தம்பி எடுக்கவில்லை. அந்தத் தம்பியின் மகன்தான் இந்த மாமா. அதனால் ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் கோயில், பாதிப் பேர் சர்ச். கல்யாணம், சாவு, புத்தாண்டு, நத்தார் (கிறிஸ்மஸ்) எதுவானாலும் எல்லாரும் ஒரே லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில்தான் நிற்போம்.

புத்தாண்டுப் பொங்கலை அத்தை இறக்கியதும், சாமிக்குப் படைப்பதற்கு முதல், விளிம்பு நெளிந்த ஒரு அலுமினியச் சட்டியில் நான்கைந்து கரண்டி தனியாக எடுத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அடுப்படி மூலையில் வைத்துவிடுவார். எங்களுக்கான பங்கு அது. "இது படைக்காதது, நீங்க தாராளமா சாப்பிடுங்க" என்பார். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தானாம், யார் யாரிடம் கேட்டு இந்த ஏற்பாடு வந்தது என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் சாயந்தரம் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து இலையில் வந்த பொங்கலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அத்தை அதை மூத்தவளிடம் நீட்டி, "கோயில் பொங்கல் கண்ணு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் எங்கேயோ பார்த்தேன். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லி அவள் தம்பியிடம் தள்ளிவிட, அவன் வழித்துச் சாப்பிட்டான்.

மறுநாள் டிக்கோயாவில் வார்லி சர்ச்சுக்குப் போனோம். 1878இல் கட்டிய கல் கட்டடம், கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், படம் எடுக்க எல்லாரும் போகிற இடம். கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் பெயரும் ஊரும் கல்லில் அப்படியே இருக்கின்றன. அவர்களுக்குக் காடு வெட்டிக் கொடுத்த நம்முடைய ஆட்களைத் தேயிலைக்கு நடுவில் புதைத்த இடம் எது என்று கேட்டால் காட்டுவதற்கு ஆள் இல்லை. நுவரெலியாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வசந்த காலம், குதிரைப் பந்தயம், கார் ஓட்டம் என்று கொழும்பே அங்கே வந்து நின்றது, கிரகரி வாவியில் படகு ஓடிய நேரத்தைவிட டிக்கட்டுக்கு நின்ற நேரம் அதிகம்.

நானுஓயாவில் மறுபடி கோச்சி ஏறினோம். பட்டிப்பொல ஸ்டேஷன் 6,226 அடி உயரம், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அதுதான். அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும், இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் போனால் ஊவா மாகாணத்தின் வெயில் என்று சொல்வார்கள். நாங்கள் போன அன்று இரண்டு பக்கமும் மழை.

சரி, மாநாடு. பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோரிலிருந்து உதவிக்கு ஆள் வேண்டும் என்றார்கள், நான் பெண்பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாகத் தங்கினேன். இவரும் சின்னவனும் ஹப்புத்தளைக்குப் போய்விட்டார்கள் (1931இல் வில்லியர்ஸ் துரை கட்டிய பங்களா, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், அங்கே செய்கிற ஜாம் பிரபலம், ஒரு பை நிறைய வாங்கி வந்தார்கள்). பசறை, வெலிமடை, ராகலை, பொகவந்தலாவை என்று பல இடத்துப் பிள்ளைகள், மட்டக்களப்பிலிருந்தும் ஒரு பஸ். காலையில் பாணும் பருப்பும், இரவில் சுடுதண்ணீருக்குப் பெரிய வரிசை, கீபோர்டும் டிரம்ஸும் வைத்துப் பாட்டு. சிங்களப் பிள்ளைகளும் இருந்ததால் பிரசங்கத்தை வசனம் வசனமாக மொழிபெயர்த்தார்கள், ஒரு மணி நேரப் பிரசங்கம் இரண்டு மணி நேரமாகிவிடும்.

முதல் நாள் பேச வந்தவர் இந்தியாவிலிருந்து வந்தவர். நல்ல பேச்சாளர்தான், ஆனால் ஐடி கம்பெனி மன அழுத்தம், வெளிநாட்டு விசா, இஎம்ஐ என்று போய்க்கொண்டே இருந்தார். எனக்கு முன்னால் இருந்த பிள்ளை ஜேர்ஸிக் கையின் நூலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பேசிய ஒரு தங்கச்சி, மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைப்பயணத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்.

கடைசி நாளுக்கு முந்திய இரவு கேள்விப் பெட்டி. பெயர் எழுதாமல் துண்டுத் தாளில் எழுதிப் போட வேண்டும். பெட்டி என்றால், பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஓட்டை வெட்டியது. வயதான போதகர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். அப்பா குடிக்கிறதை விடவேண்டும் என்று எட்டு வருடமாக ஜெபிக்கிறேன், இன்னும் எவ்வளவு காலம்? ஓ.எல். பரீட்சை சரிவரவில்லை, கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனால் அம்மாவைத் தனியாக விட்ட பாவமா? எங்கள் தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் ஃபிரெண்ட்ஸோடு வடம் பிடிக்கலாமா? அப்புறம், ஒரே விஷயத்தைப் பல கையெழுத்துகளில் கேட்டிருந்தது: கோயில் பொங்கல் சாப்பிடலாமா?

ஹால் கலகலத்துவிட்டது. முன்வரிசையில் இருந்த இளம் பாஸ்டர் எழுந்து, பைபிளில் கொரிந்தியர் முதலாம் நிருபம் 10ஆம் அதிகாரத்தைச் சொல்லி, கர்த்தருடைய பந்தி, பேய்களுடைய பந்தி என்று இரண்டு பந்தியிலும் பங்கு வைக்க முடியாது, கூடவே கூடாது என்றார். போதகர் தலையாட்டிவிட்டு, அதே நிருபத்தில் 8ஆம் அதிகாரமும் இருக்கிறதே, சாப்பாட்டால் யாரும் கடவுளுக்கு நெருக்கமாவதும் இல்லை, தூரமாவதும் இல்லை என்கிறதே என்றார். 10இலும் கொஞ்சம் கீழே போனால், விசுவாசம் இல்லாதவர் விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்று இருக்கிறது என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு பொடியன் எழுந்தான். "ஐயா, அதுக்கு அடுத்த வசனம் இது படைச்சதுன்னு யாராவது சொன்னா சாப்பிட வேணாங்குது. எங்க பெரியம்மா சொல்லிட்டுத்தானே தர்றாங்க?"

போதகர் சிரித்தார். பெரியம்மா எதற்காகச் சொல்கிறார் என்று யோசி தம்பி, உன்னைச் சோதிக்கவா, தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது என்கிற மரியாதைக்கா என்று கேட்டார். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனைக் கேலி செய்யக்கூடாது, சாப்பிடாதவன் பெரியம்மாவின் முகம் வாடும்படி மறுக்கவும் கூடாது, மனது ஒப்பாவிட்டால் கையில் வாங்கி, நன்றி சொல்லி, பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடு என்றார். இளம் பாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பிடித்தது. நூறு பேர் லயத்தில் நாலு வீடு கிறிஸ்தவர் என்று வாழ்கிற பிள்ளைக்கு "கூடவே கூடாது" என்பது சொல்வதற்கு லேசு, அந்த வாசலில் தினமும் நடந்து போகிறது அந்தப் பிள்ளைதான்.

மூத்தவள் தன்னுடைய சீட்டும் அந்தக் குவியலில் இருந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவு விடுதியில் விளக்கு அணைத்த பிறகும் பிள்ளைகள் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ராகலைப் பிள்ளை ஒன்று, தங்கள் வீட்டிலும் படைக்க முதல் தனியாக எடுத்துவைக்கிற பழக்கம் உண்டு என்று சொல்ல, பசறைப் பிள்ளை, எங்கள் வீட்டில் நத்தார் கேக்கை முட்டை போடாமல் ஒன்று செய்து கோயில் பூசாரி வீட்டுக்கு அனுப்புவோம் என்றது. சத்தம் போட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேன், அப்புறம் பேசாமல் படுத்துவிட்டேன்.

புறப்படுகிற அன்று கருத்துப் படிவம் கொடுத்தார்கள். கேள்விப் பெட்டியை முதல் நாள் காலையிலேயே வையுங்கள், அதில் வருவதைப் பார்த்துவிட்டுப் பேச்சாளர்களுக்குத் தலைப்புக் கொடுங்கள், சிங்களப் பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தால் தனி வகுப்பு வைத்து நேரத்தை மிச்சப்படுத்துங்கள் என்று எழுதினேன். சுடுதண்ணீரைப் பற்றியும் ஒரு வரி. பொறுப்பாளர் வாசித்துவிட்டு, "அக்கா, பெட்டியை முதல் நாளே வெச்சா, பேச்சாளருங்க பயந்துருவாங்களே" என்றார். பயப்படாதவர்களாகப் பார்த்துக் கூப்பிடுங்கள் என்றேன்.