எண்ணெய்ச் சட்டி இல்லாத மீன் வறுவல்

காரைக்குடியில் வேலை முடித்து வீடு வந்து, ராத்திரி ஏழரை மணிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க எனக்குத் தெம்பில்லை. சூடான காற்றைச் சுழலவிட்டு மொறுமொறுப்பாக்கும் ஏர் ஃப்ரையர்தான்.

முதல் தடவை சீலா மீனில் ரஸ்க் தூளை வெறுமனே ஒட்டி வைத்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வெளேரென்று வந்தது. அப்புறம்தான் தூளிலேயே இரண்டு ஸ்பூன் எண்ணெய் பிசறிக்கொள்ளப் பழகினேன். மீனைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, மிளகு, சோம்புத் தூள், உப்பு தடவி, மைதா, முட்டை, ரஸ்க் தூள் என வரிசையாகப் புரட்டல். விரல் கனத் துண்டுக்கு 200 டிகிரியில் 10 நிமிடம், நடுவில் ஒரு திருப்பல். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் நமுத்துவிடும்.

அப்பத்தா ஒன்றைக் காதருகே வைத்து உடைத்துப் பார்த்தார். “மொறுமொறுன்னுதான் இருக்கு ஆத்தா. ஆனா மீன் வறுத்த வாசம் தெருவுக்குப் போகலையே?”