பழனியில் ஆண்டிக் கோலம்

என் கணவருக்குப் பதவி உயர்வு கிடைத்தால் பழனியில் மொட்டை போடுவதாக அத்தை வேண்டியிருந்தார். வந்ததோ வேலையை விட்டு நிறுத்திய கடிதம். இவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அத்தை மட்டும் அசையவில்லை. "அவன் கொடுத்தால்தான் முடி இறக்குவேனா? முருகனுக்குச் சொன்னது சொன்னதுதான், கிளம்புங்க."

சாயரட்சை என்னும் மாலைப் பூஜையில் முருகனை ராஜ அலங்காரத்தில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பஸ் பழுதாகி நாங்கள் அடிவாரம் சேர்வதற்குள் நடை சாத்திவிட்டார்கள். "சரி, காலையில் வரச் சொல்கிறான்" என்று படுத்துத் தூங்கிவிட்டார்.

விடியும் முன்பே முடிகாணிக்கை முடிந்தது. புரோக்கர்கள் தொல்லைதான் தாங்க முடியவில்லை. வரிசையில் நிற்காமலே தரிசனம் என்று சொல்லி, வயதானவர்களாகப் பார்த்துக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். முருகன் காலடியில் இப்படி நடப்பது மனதுக்கு வேதனையாக இருக்கிறது. மலைமேல் இழுத்துச் செல்லும் வின்ச் வண்டிக்கு அப்போதே நீண்ட வரிசை. அத்தையின் மூட்டுவலிக்கு 693 படிகள் ஆகாது. சரிவாக ஏறும் யானைப்பாதையில், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

சன்னிதியில் "நகருங்க, நகருங்க" என்ற சத்தம். அந்த நெரிசலிலும் எப்படியோ நேர் எதிரே நின்றோம். ஆண்டிக் கோலம். கையில் தண்டம். கனி கைநழுவிப் போனதால் கோபித்துக்கொண்டு வந்தவன்தான். ஆனால் அந்த நவபாஷாணத் திருமேனியின் முகத்தில் கோபம் எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறான். கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத இவர், விம்மி விம்மி அழுதார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அத்தை அவர் காதில், "பாருடா, காலையில் ஆண்டி, சாயங்காலம் ராஜா. ரெண்டும் அவன்தானே?" என்றார்.

அதற்குமேல் என்ன பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கண் முழுக்க நீர்.

இறங்கி வந்து, கொடுத்து வைத்திருந்த செல்போனைத் திரும்ப வாங்கியதும், சம்பளம் குறைவு என்று தள்ளிப்போட்டிருந்த இடத்துக்கு இவரே போன் செய்து, "திங்கட்கிழமை வந்து சேர்கிறேன்" என்றார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. இன்றுவரை அந்த வேலைக்கு மன நிறைவோடு போய்வருகிறார். நாங்கள் கேட்டது வேறு, நீ கொடுத்தது வேறு. பழனியாண்டவா, உனக்குக் கோடி நமஸ்காரம். அரோகரா!